மட்டைப்பிடி

வீடியோவில் இதற்கு பேஸ்போல் என்று பேர்.
கொழும்பில் யார் கண்டது பேஸ்போல்?
நாங்கள் மட்டைப்பிடி என்கிறோம்.
வலக்கை மல்லாந்து, நாலு விரலும் கொலருக்குள்.
இடக்கை கவிழ்ந்து, பெருவிரல் மட்டும் உள்ளே.
இரண்டு முஷ்டியும் ஒன்றையொன்று தொட,
சிக்ஸர் அடிக்க நிற்கிறவளை
அப்படியே மல்லாக்கப் போட்டமாதிரி.
பந்துதான் இல்லை.
பந்து வரவேண்டிய இடத்தில் ஒரு கழுத்து.

பகலில் எனக்கு வேறு கழுத்துகள்.
செட்டியார்தெரு வங்கியில் அடகுப் பிரிவு.
கண்ணாடித் துளைக்குக் கீழால்
சூடு ஆறாமல் வரும் சங்கிலிகள்.
உரைத்து, நிறுத்து, பவுண் கணக்கு எழுதி
உறையில் போட்டு ஒட்டுவேன்.
கழற்றிய இடத்தை ஒரு கையால் தடவிக்கொண்டே
மற்றக் கையால் கையொப்பம் வைப்பார்கள்.
அதற்கு நாலு விரல் மேலேதான்
என் பின்னேர வேலை.

ஆறரைக்கு கொட்டாஞ்சேனை.
மாபிள் கடைக்கு மேலே மூன்றாம் மாடி,
இரண்டு காற்றாடி, ஒன்று சுற்றாது.
நாற்பத்தொரு வயது, ஐம்பத்திரண்டு கிலோ.
எறிய வராது; எறிந்தால் நானும் சேர்ந்து விழுவேன்.
ஆகவே விழுந்தபிறகு என்ன செய்யலாம் என்று
தேடித் தேடிப் பழகினேன்:
எதிராளியின் சட்டைத் தொங்கலை உருவி
அவளுடைய கழுத்துக்கே அதைக் கொடுப்பது,
என் கைநுனிக்குள் என் விரலையே விட்டு
பெருநாளுக்குக் கட்டிப்பிடிக்கிறமாதிரி நெரிப்பது,
கொலரைப் பிடித்தபடி அவள் தலையைச் சுற்றி
மணிக்கூட்டு முள்ளாக நடப்பது.
களவு வேலை என்று சிரித்தார்கள்.
ஓம். அடகுப் பிரிவில் இருந்து பாருங்கள்,
களவெல்லாம் விளங்கும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். மூச்சை நாங்கள் தொடுவதில்லை.
குரல்வளையை அமத்துகிறவர்கள் அவசரக்காரர்.
மறிப்பது இரத்தத்தை,
இரண்டு பக்கமும், சத்தமில்லாமல்,
மின்வெட்டு வருகிறமாதிரி, முதலில் வீதி விளக்கு.
நோகாது. அதனால்தான் பயம்.

உதாரி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.
நாற்பதடிக் கொள்கலனை லொறியில் வைப்பதுபோல
அங்குலம் பிசகாமல் என்மேல் இறங்குவாள்.
என் கால்களைத் தாண்டுவது
அவளுக்கு ஒரு வேலையே இல்லை.
வியாழக்கிழமை, தாண்ட விட்டேன்.
நெஞ்சில் நெஞ்சு. ரிஸ்மியா எண்ணத் தொடங்கினாள்.
இருபது எண்ணி முடிந்தால் உதாரிக்கு வெற்றி.

நான்கில் என் பிடி சரி.
ஏழில் அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்கவேண்டும்,
இன்னும் பாரமாக அழுத்தினாள்.
இந்தப் பிடியின் அயோக்கியத்தனமே அதுதான்:
மேலே இருக்கிறவள் வெல்ல வெல்ல
தானே இறுக்குகிறாள்.
நான் இடுப்பைக் கழற்றி
அவள் தலைப் பக்கமாகச் சுழன்றேன், கொஞ்சம்தான்.

பதினொன்று. தட்டு, உதாரி.
பன்னிரண்டு. பாயிலோ என் முதுகிலோ எதிலாவது,
இரண்டு தட்டு.
பதின்மூன்று.
பதினான்கில் பாரம் மாறியது.
முழித்திருக்கிற எழுபது கிலோவையும்
உறங்குகிற எழுபது கிலோவையும்
தராசு ஒன்றாகத்தான் காட்டும்.

விட்டேன். புரட்டினேன். கால்களைத் தூக்கிப் பிடித்தேன்.
சுற்றாத காற்றாடியைப் பார்த்தபடி அவள் கண்.
மூன்று செக்கன். நான்கு.
கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு,
இப்போதுதான் எதையோ கழற்றிக் கொடுத்ததுபோல.

பிறகு, வெறும் தெருவில் நிற்கிறவளின் குரலில்,
"பஸ் எக்க கியாத?"
பஸ் போய்விட்டதா.
எந்த பஸ், எந்தத் தரிப்பு, எத்தனை வயதில்,
பிறகு கேட்டபோது அவளுக்கே தெரியவில்லை.

ரிஸ்மியா பதினான்கிலேயே நின்றுவிட்டாள்.
எனக்குச் சிங்களம் கவுண்டர் அளவுக்குத்தான்:
வட்டி, தவணை, இங்கே கையொப்பம்.
அதற்குள் துழாவி,
"நே, தவம நே" என்றேன்.
இல்லை, இன்னும் இல்லை.

உதாரி கை நீட்டி
என் சட்டைத் தொங்கலைப் பிடித்துக்கொண்டாள்,
மிதிபலகையில் கால் வைக்கிறவள்
கம்பியைப் பிடிப்பதுபோல.