விசாரணை எண் பதினேழு

சேரம்பாடி டிவிஷன் ஆபீசில்
கரண்ட் போன மத்தியானம்.
குற்றச்சாட்டு: கொழுந்துக்கு அடியில் ஈரச் சாக்கு.
தராசு கூடுதலாய்ச் சொன்னது மூன்றரைக் கிலோ.

விசாரணை அதிகாரி நான்.
எதிரில் செவனம்மா,
இடுப்பில் கட்டிய படங்கை இன்னும் அவிழ்க்காமல்.
உட்காரச் சொன்னேன்.
'நாக்காலி நனஞ்சிரும்' என்று நின்றாள்.

மழையில் நனைந்ததா, நீ நனைத்ததா?
'சாக்குக்குத்தான் தெரியுங்க.'
பதில் திருப்தியாக இல்லை
என்று எழுதிக்கொண்டேன்.

இந்த ஒரு வார்த்தையில்தான்
பதினோரு வருஷமாய் என் பிழைப்பு.
குன்னூர் ஸ்டேஷனில் அதற்கென்று ஒரு ஜன்னல் உண்டு,
உள்ளே ஆளிருக்காது.
தங்கைக்கு வரன் வந்தபோது
தெருமுனை மளிகைக் கடையில்
எங்களைப் பற்றி நடந்ததும் அதுதான்;
கடைக்காரருக்கு நாங்கள் எண்ணூறு ரூபாய் பாக்கி.
கடைசி எழுத்தை மாற்றினால் விசாரம்.
அப்பா அதை
ராத்திரியில் மட்டும் வெளியே எடுப்பார்.

கைநாட்டுக்குத் தாளை நீட்டினேன்.
கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலில்
மை பிடிக்கவில்லை.
இன்னொரு தடவை.
இன்னும் அழுத்தி, இன்னொரு தடவை.
ரேகையே இல்லாத ஒரு நீலத் திட்டு.

படியிறங்கியவள்
பாதியில் நின்று திரும்பினாள்.
'போன தடவ வந்தப்ப இருமிக்கிட்டே இருந்தீங்களே,
இப்பத் தேவலையா?'

குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கும் கேள்விக்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.
இருபத்திரண்டாம் கேள்விக்கு அடியில்,
ஓரமாய், பென்சிலால் எழுதினேன்:
இன்னும் இருக்கிறது.
ராத்திரியில்தான் அதிகம்.