அடிவயிற்றில் ஒரு கட்டி

தடைக்காலம், நாற்பத்தோராம் நாள்.
அக்கரைப்பேட்டையில் கரையேற்றிய
‘கடலரசி’யின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
ஸ்பானர் வழுக்குகிறது.

போன வருடம் நான் பூட்டிய ஜிங்க் கட்டி
நாலரைக் கிலோ.
இன்று தராசில் ஒன்றே கால்.
பக்கத்தில் வெண்கல விசிறி
நேற்றுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி.
இரும்புத் தகட்டில் விரல் ஓட்டினேன்,
ஒரு பொத்தல் இல்லை.

“மட்டச் சரக்கா போட்டே?
இப்படிக் கரைஞ்சிருக்கு?”
முதலாளி தாண்டவமூர்த்தி.
கரையாமல் இருந்திருந்தால்தான்
நீங்கள் திட்டணும் என்றேன்.
புரிந்ததோ என்னவோ,
பாதிப் பணம் தந்தார்.

உப்புத்தண்ணீர் எல்லோரிடமும்தான் கேட்கிறது.
செம்பு யோசிக்கும்.
இரும்பு முனகிக்கொண்டே சம்மதிக்கும்.
ஜிங்க், கேட்டு முடிக்குமுன் எழுந்துவிடும்.
தங்கம் காதிலேயே வாங்காது.

எங்கள் வீட்டுத் தங்கம்
எந்தத் துருவும் தீண்டாமல்
வைகாசி பதினொன்றில்
கூட்டுறவு வங்கிக்குப் போனது.
ரஞ்சிதத்தின் காதுத் துளையில்
வேப்பங்குச்சி.

மேட்டூர்த் தண்ணீர் வர நாள் இருக்கிறது.
கடுவையாற்றுக்குள் கடல் ஏறி நிற்கிறது,
பாலத்துக் கம்பிகளைத்
தடவிப் பார்த்தபடி.

புதுக் கட்டியை முறுக்கிவிட்டு வெளியே வந்தால்
பெயின்டர் ஜெகபர்
அதன் மேலும் நீலம் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அதை விடு, ஜெகபர்.
மூடினால் வேலை செய்யாது.

சிரித்தார்.
கைலி நுனியால் துடைக்கத் துடைக்க
கொஞ்சம் நீலம்
போல்ட்டின் இடுக்கிலேயே தங்கிவிட்டது.