சீ.ஆர். கொப்பி

மூன்று பேரும் மாறி மாறி எழுதினோம்.
முதலாம் அத்தியாயம் ருஷ்தா,
ரியூஷனுக்குப் போகும் பஸ்ஸில்.
பம்பலப்பிட்டிச் சந்தியில் டிரைவர் பிரேக் அடித்த இடம்
அவள் எழுத்தில் இப்போதும் தெரியும்.
இரண்டாவது மெலனி. மழை இல்லாமல் அவளுக்குக் காதல் வராது.
மூன்றாவது நான்.
என் ஆட்கள் எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருந்தார்கள்.

கதையில் எங்களுக்கு வேறு பெயர்கள்.
யாருக்கும் சொல்லாததை
அந்தப் பெயர்களில் சொன்னோம்:
வெள்ளைச் சீருடையில் பட்ட முதல் கறை,
கட்டாரிலிருந்து வாப்பா கோல் எடுக்காத
நாலு மாதம்.

ஒன்பதாம் அத்தியாயத்தில்
மெலனியை நான் கொன்றேன்.
வெள்ளவத்தைத் தண்டவாளம், மாலை ரயில்,
ஒன்றரை வரி.
அவள் பிறந்தநாளுக்கு
ரியூஷன் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தாள்,
எங்களை இல்லை.

கொப்பி பதினொரு நாள் அவளிடம் கிடந்தது.
கன்டீன் ரோல்ஸை
நானும் ருஷ்தாவும் இரண்டாகப் பிய்த்தோம்.
மூன்றாகப் பிய்த்துப் பழகிய கை,
ஒவ்வொரு நாளும் பிழைத்தது.

பிறகு ஒரு காலை என் மேசைக்குள்,
சிவப்புப் பேனையில்:
'அவள் சாகவில்லை.
அந்த ரயிலில் ஏறி
தெஹிவளையில் இறங்கிவிட்டாள்.
கையில் காசில்லை. பசிக்கிறது.
யாராவது வந்தால் நல்லது.'

பத்தாவது ருஷ்தாவின் முறை.
ஒரே வரி எழுதினாள்:
போக இரண்டு ரிக்கற், வர மூன்று.

அதன்பிறகு ஓ.எல். வந்துவிட்டது.
மீதிப் பக்கங்கள் முழுக்கத் திரிகோணகணிதம்,
மூன்று கையெழுத்தில்,
பாதி பிழை.