மெழுகுக் கட்டி

பெரம்பூர் லேபில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்:
எட்டு கண்ணாடிச் சில்லு, ஒரு மெழுகுக் கட்டி.
கட்டிக்குள் கட்டி.
கடுகளவு சாம்பல் நிறம். அதுதான் நான்
என்கிறது ஒட்டியிருக்கும் சீட்டு:
குமுதவல்லி, 44, பெண்.
"வெயில்ல வைக்காதீங்க, உருகிடும்."

மே மாதம். 29சி.
மகனின் பழைய சாப்பாட்டுப் பையில்
டப்பாவைச் சுற்றி ஈரத்துணி, மடியில்.
கண்டக்டர் காசில்லாச் சீட்டு ஒன்று கிழித்தார்.
இரண்டு கேட்டிருக்க வேண்டுமோ என்று
புரசைவாக்கம் வரை யோசித்தேன்.

கருப்பை வாய் என்கிறோம்.
இத்தனை வருஷம் வாயே திறக்காத வாய்.
இரண்டு பிள்ளைகளைச் சொன்னதோடு சரி.
பிறகு ஒருநாள், தோசை திருப்புகையில்,
ரத்தமாய் ஒரு சொல்.
அந்தப் பேச்சு எதுவரை போயிருக்கிறதென்று
ஸ்கேன் சொல்லும்.
மெழுகு சொல்ல வேண்டியது பெயர் மட்டும்.

அடையாறில் டாக்டர், என் மகள் வயது,
மருந்துச் சீட்டின் பின்னால் படம் வரைந்தாள்.
"பாதி நரம்பு மாதிரி, பாதி சுரப்பி மாதிரி.
இந்த இடத்துல இது ரொம்ப அபூர்வம்."

அபூர்வம்.
எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணீர்
சொன்ன நேரத்துக்கு வந்தால் அப்படிச் சொல்வோம்.

"எத்தனை பேரைப் பாத்திருக்கீங்க?"
"இங்க நான் சேர்ந்த பிறகு, நீங்க ரெண்டாவது."

முதலாமவள் யார்,
முடி சுருளாகத் திரும்ப வந்ததா,
வாந்திக்கு எலுமிச்சையா, உப்பு நாரத்தையா,
பிள்ளைகளிடம் என்னவென்று சொன்னாள்,
இருக்கிறாளா.
கடைசியை மட்டும் கேட்கவில்லை.
டாக்டர் பேனாவை மூடினாள், திறந்தாள்.
"அவங்களைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா."

வெளியே சிஸ்டர் ஜெசிந்தாவிடம்
நாட்காட்டித் தாளில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
மூணாவதா யாராவது வந்தா குடுங்க.
ராத்திரின்னாலும் பரவாயில்ல.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினாள்,
மாதா படத்துக்கும் டியூட்டி அட்டவணைக்கும் நடுவில்.

திரும்பும்போது பை லேசு. துணிகூடக் காய்ந்துவிட்டது.
மந்தைவெளியில் போன் அடித்தது, புது நம்பர்.
இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பச்சையை அழுத்தினேன்.
சிலிண்டர் போடுகிற பையன்.
"வீட்ல யாரும் இல்லீங்களா?"

இருக்கேன், என்றேன்.
இருப்பா, வந்துட்டிருக்கேன்.