வீசைக்கு எத்தனை கண்

கைக்காமியில் ஓதம் ஏறிப் படகு வந்துவிட்டால்
பாய்களுக்கு நடுவே கால் வைக்க இடமிருக்காது.
எல்லாம் கூனி.
உயிரோடு இருக்கையில் அதற்கு உடம்பே இல்லை,
கண்ணாடி நறுக்கில் இரண்டு கரும்புள்ளி.
வெயில் பட்ட பிறகுதான் நிறம் வருகிறது.
செத்துச் சிவக்கிற பிறவி.

நானும் மி சானும் பொறுக்குகிறோம்.
அவள் மோன், நான் தமிழ்,
திட்டிக்கொள்வது மட்டும் பர்மாப் பாஷையில்.
கூனி போக மற்றதெல்லாம் கூடைக்கு:
நகக்கண் அளவு நண்டு,
ஜெல்லி மீனின் கிழிந்த பாவாடை,
ஒரு விரல் நீள வாளை,
அதன் வாயில் இன்னொரு கூனி பாதியில் நிற்கிறது,
விழுங்கி முடிக்க நேரமில்லாமல்.
வலைக்குப் புலிவாய் என்று பெயர்.
முகத்துவாரத்தில் திறந்து வைத்தால் போதும்,
நீரோட்டமே ஊட்டிவிடும்.

ஒன்றை நகத்தில் ஏந்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
தலையிலிருந்து வால்வரை பழுப்பாய் ஒரு நூல் ஓடும்.
குடல். உள்ளே சேறு.
தன்லுவின் எங்கோ பனிமலையைச் சுரண்டி
ஷான் காட்டு இலைகளை அழுகவைத்து
மோல்மேன் பாலத்தடியில் கலக்கிக் கொண்டுவந்த சேறு.
அதிலிருக்கும் பாசியைத் தின்ன
அவ்வளவு சின்ன வாய் வேண்டும்.
மலையை மீனாக்குகிற வேலை
இந்த நூலுக்குள்தான் நடக்கிறது.

இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடி என்பார்கள்.
நடுவில் எத்தனை வாய் என்று
சொன்னவன் எண்ணியிருக்க மாட்டான்.

பத்து வீசைக்கு ஒன்றரை வீசை உப்பு.
இடித்து, காயவைத்து, மறுபடி இடித்து,
மூன்றாம் இடியில் நாப்பி.
கண் மட்டும் அரைபடுவதில்லை.
ஒரு வீசைக்கு எத்தனை கண் இருக்கும் என்று கேட்டேன்.
வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு
உன் சம்பளத்தைவிட அதிகம் என்றாள் மி சான்.

என் தம்பி சன்னாசி, படகில் அவன் பெயர் கோ டூரா,
போன ஐப்பசிப் பௌர்ணமி ஓதத்தில்,
ஊரெல்லாம் விளக்கு வைத்திருந்த இரவில்,
வலைக்கயிறு காலைச் சுற்றிப் போய்விட்டான்.
மூன்று நாள் தேடினார்கள்.
அந்தப் பருவத்தில் கூனி நன்றாகப் பட்டது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கூனிக்குச் சேறும் ஒன்று, செத்ததும் ஒன்று,
எல்லோருக்கும் தெரியும்.
முதலாளி அம்மாள் என்னைச் சாக்கு தைக்க அனுப்பினாள்.
அது அவள் கருணை. கூலி குறைவு.

நாற்பது நாள் வெறுஞ்சோறு.
பக்கத்து வீட்டில் மிளகாயோடு அது வதங்குகிற வாசம்
சுவரேறிக் குதித்து வரும், நான் கதவைச் சாத்துவேன்.
பிறகு ஒருநாள் மி சான் வந்து
வாழையிலையில் ஓர் உருண்டையை வைத்துவிட்டு
என்னைப் பார்க்காமல் குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.
தொட்டேன். பிசைந்தேன்.
இரண்டாம் கவளத்துக்குப் பசி தானாக வந்தது.
உப்பாகத்தான் இருந்தது, எப்போதும் போல.

இப்போது மறுபடியும் பாயில்.
குனிந்து குனிந்து எனக்கும் முதுகு வளைகிறது,
கூனி கூனியைப் பொறுக்குகிறது என்று சிரிக்கிறாள்.
இன்று கூடையில் வாளைக்குஞ்சு அதிகம்.
பூனைகளுக்குக் கொஞ்சம் எறிந்துவிட்டு
மீதியை வற்றத்தோடு கொட்டினோம்,
கூனிக்கு.