இவருக்குப் பதில் இவர்

ஏழாம் நாள் இரவு
கண் ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியில்
என் சாவைப் பார்த்தேன்.
சாவுகூட இல்லை.
சாவென்றால் ஒரு படம், ஒரு மாலை,
இரண்டு எபிசோடு அழுகையாவது கிடைத்திருக்கும்.
திரையின் கீழே ஒரு வரி ஓடியது:
இனி வைதேகி கதாபாத்திரத்தில்
இவருக்குப் பதில் இவர்.
நான்கு நொடி. எண்ணினேன்.

கேட்டது ஒன்பது நாள் லீவு.
அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் சார் என்றேன்.
"ஒம் மாமியாருக்கே கண்ணு போச்சேம்மா,
கதைல, போன மாசம்தான்"
என்று சிரித்தார் மேனேஜர்.
நானும் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடு.
ஒரே ஆளை மூன்று முறை கல்யாணம் செய்துகொண்டேன்.
மூன்று முறையும் அதே முப்பது ரூபாய்த் தாலி.
பேக்கப் சொன்னதும் கழற்றி
காஸ்ட்யூம் அண்ணனிடம் கொடுத்துக் கையெழுத்துப் போடுவேன்,
ஜெபமலர் என்றால் மருமகளுக்கு ஒட்டாதென்று
சேனல் வைத்த பெயரில்.

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு சென்ட் வாங்கினேன்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
இருபத்தாறு வருடம் ஊறல் தொட்டியருகே நின்றவர்
மூடியைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.
"எப்டி இருக்குன்னு நீயே சொல்லு" என்றார்.

ஆடிஷனுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் போனேன்.
திருவலம் பாலத்தின் தடதடப்புக்குள்
வசனத்தை இரண்டு தரம் உரக்கச் சொல்லிக்கொண்டேன்.
எந்த ஊர் என்றார் உதவி இயக்குநர்.
வேலூர்.
ஓ, நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை என்று ராகம் போட்டவர்
அடுத்ததற்கு முன் என் முகத்தைப் பார்த்து
நிறுத்திக்கொண்டார்.
நானே முடித்து வைத்தேன்: அழகில்லாப் பெண்கள்.
ரூமே சிரித்தது. வேலை கிடைத்தது.
குரல் மட்டும் வேண்டாமென்றார்கள்.
வந்துகினு போய்கினு நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.
அன்றிலிருந்து என் வாய்க்குப் பேசுவது
சாலிகிராமத்து வத்சலா அக்கா.
ஏழு வருடத்தில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.
ஒரு தரம் அவளுக்குச் சளி.

புதியவள் என் மாம்பழ மஞ்சள் புடவையில் வந்தாள்.
ரவிக்கையில் இரண்டு தையல் பிடித்திருந்தார்கள்.
வாயைத் திறந்தாள்.
அதே குரல்.
"மூஞ்சி மாறிப்போச்சே" என்று முனகிய ஆரணிக்காரம்மா
அடுத்த விளம்பரத்துக்குள் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டாள்.
மாஸ்க் போட்ட என்னைப் பார்த்து
"பாவம் வைதேகி" என்றாள்.
கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று
எதுவும் விளங்காமல் பிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தது.
எழுந்து போய் அவர்கள் பக்கம் உட்கார்ந்தேன்.

வார்டில் அம்மா.
ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் பத்து வருடப் பனி.
கதவு திறந்திருந்தது. டிவி அங்கேயும் கேட்டது.
"முன்னாடியே எடுத்து வெச்சதா?"
ஆமாம்மா.
"இன்னா பொடவ?"
மாம்பழ மஞ்சள். பச்சை பார்டர்.
"குந்திகினு இருக்கியா, நின்னுகினு இருக்கியா?"
நிக்கிறேன். பூஜை ரூம் வாசல்ல. கைல தட்டு.
"அழுவுறியா?"
எட்டிப் பார்த்தேன்.
கிளிசரின் இறங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு வலது கண்ணில்தான் முதலில் வரும்,
அவளுக்கு இடது.
ஆமாம்மா, நல்லா வருது.

அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.
"அந்தப் பொம்பள கொரலு எனக்கு என்னிக்குமே புடிக்கல.
நீயே பேசியிருக்கலாம்."

வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள்.
அதற்குள் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும்,
எத்தனை நாள் டிவி கூடாதென்று கேட்க,
கொஞ்சம் கூட்டியே சொல்லச் சொல்லி.