ஏழு, இடது

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது.
ஈசூன் புளோக் படியில் கழன்று
இரண்டு படி கீழே கிடந்தது.
கழன்றது காலுக்குத் தெரியவில்லை.

பிறகு குளியலறைத் தரை.
இடக்கால் குளிருது என்றது,
வலக்கால் ஒன்றும் சொல்லவில்லை.
சந்தைவரை நடந்தால் முழங்கால் தண்ணீராகும்,
உட்கார்ந்தால் மறுபடி எலும்பு வரும்.
சிறுநீர் வர மறுத்த இரவுகளில்
குழாயைத் திறந்துவிட்டுக் காத்து நின்றேன்.
இதை மட்டும் சுகுணாவிடம் சொல்லவில்லை.

இடுப்பை மட்டும் ஸ்கேன் செய்தார்கள்.
"தட்டு பிதுங்கியிருக்கு. வயசும் அம்பத்தெட்டு."
எட்டு மாதம் எல்லோருமாய்ச் சேர்ந்து
அந்தத் தட்டைத் திட்டினோம்.
பெல்ட், ஊசி, கேலாங்கில் வாங்கிய சீனத் தைலம்.
பாவம், அது எதுவும் செய்யவில்லை.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான்.
புகார் வருவது தரைத்தளத்தில்,
பழுது இருப்பது மேலே, மோட்டார் அறை இருட்டில்.
பையன்களிடம் ஆயிரம் தடவை சொன்னவன்
என் காலுக்கு மேலே ஏறிப் பார்க்கவில்லை.

பார்த்தவர் டாக்டர் கோ சியூ லெங்.
முழு முதுகுக்கும் படம்.
தண்டுவடம் ஊறிய மீ ஹூன் போல வெளுத்து உப்பி,
அதன்மேல் கறுப்பாய்ப் புழுக்கள்.
"புழு இல்லை, ரத்தக்குழாய்.
வேகமாய் ஓடும் ரத்தம் இப்படிக் கறுப்பாய்த் தெரியும்."
எங்கோ ஒரு தமனி
நேராகச் சிரைக்குள் திறந்துகொண்டிருக்கிறது.
வடிய வேண்டியது வடியவில்லை.
"எங்கே?"
"அதைத்தான் தேடணும்."

தேடினார்கள். தொடையில் துளை, நூல்போல் குழாய்,
ஒவ்வொரு எலும்புக்கும் வலம், இடம்.
மருந்து சூடாய் முதுகில் விரியும்.
"முச்சு பிடிங்க, அங்கிள்." "விடுங்க."
நர்ஸ் மரிசெல் எனக்காகக் கற்ற தமிழ் அவ்வளவே.
பன்னிரண்டு, இல்லை. பதினொன்று, இல்லை.
ஒவ்வொரு மாடியிலும் நின்று
யாரும் ஏறாமல் கதவு மூடும் லிஃப்ட்.

ஏழு. இடது.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி உருண்டது.
மரிசெல் "விடுங்க" சொல்ல மறந்துவிட்டாள்.
நான் பிடித்தபடியே கிடந்தேன்.

திரையைத் திருப்பிக் காட்டினார் டாக்டர்.
மயிரிழை. அதுவும் கோணல்.
இதற்கா, என்று கேட்க வாய் வந்தது.
அடைத்துவிட்டால் நடை திரும்பலாம் என்றார்.
மற்றது?
கையுறையைக் கழற்றினார். சொல்ல முடியாது என்றார்.

வார்டில் காலை மடக்காமல் படுத்திருந்தேன்.
சுகுணா கோப்பிப் பையோடு வந்தாள்.
"கிடைச்சதா?"
கிடைத்தது என்றேன். பிறகு
அந்த இரவுகளையும் சொன்னேன்.
பை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே,
"தண்ணி பில் யார் கட்டுறதாம்?" என்றாள்.